குழாயும் பையும் ஒன்றா?

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் சிங்கப்பூர்த் தமிழ் வகுப்புகளிலும் பயிலும் மாணவருள் சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு கட்டுரையேனும் எழுதாதவர் இலர். தலைப்பும் பெரும்பாலும் ஒன்றே: ‘நெகிழியை ஒழிப்போம்’. முன்னுரையில் அறிவியல் வளர்ச்சிக்கு ஒரு பாராட்டு. கருத்துரையில் கடலாமையின் வயிற்றில் கிடந்த பை, அடைபட்ட கால்வாய், மண்ணில் மக்காத தன்மை. முடிவுரையில் ஓர் உறுதிமொழி. ஆசிரியரும் சந்திப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி நல்ல மதிப்பெண் வழங்கிவிடுகிறார். கருத்துப் பிழையைத் திருத்துவாரைத்தான் காணோம்.

அந்த மாணவன் அமர்ந்திருக்கும் வகுப்பறையை ஒருமுறை நோக்குக. கூரையிலிருந்து மழைநீரை இறக்கும் குழாய், சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் உறை, கழிப்பறைக்குச் செல்லும் நீர்க்குழாய், அலுவலகத் தரையில் ஒட்டிய விரிப்பு, வாயிலில் தொங்கும் விளையாட்டுப் போட்டிப் பதாகை ஆகியவை பெரும்பாலும் பி.வி.சி. எனப்படும் ஒருவகை நெகிழியால் ஆனவை. உறுதிமொழியின்படி இவற்றையும் ஒழிப்பதென்றால் அன்று மாலையே பள்ளியில் விளக்கு எரியாது; நீரும் வாராது. எழுதிய மாணவனும் இதனை எண்ணவில்லை. திருத்திய ஆசிரியரும் எண்ணவில்லை. ‘நெகிழி’ என்னும் ஒரே சொல் இருவர் கண்ணையும் மறைத்துவிட்டது. தேக்கும் மரம், முருங்கையும் மரம். முருங்கைக் கிளை முறிந்தது கண்டு, தேக்கில் கதவு செய்யாதே என்று தச்சனிடம் எவரும் கூறார். நெகிழி என்று வந்துவிட்டால் மட்டும் அந்தப் பகுத்தறிவு விடைபெற்றுக்கொள்கிறது.

பாலிவினைல் குளோரைடு என்பதன் சுருக்கமே பி.வி.சி. வினைல் குளோரைடு என்னும் வாயு வெயில் பட்டு வெண்ணிறத் திண்மமாக மாறியதை 1872ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலார் யூஜன் பவுமன் கண்டு எழுதிவைத்தார். அதனைக் கொண்டு என்ன செய்வதென்று நெடுங்காலம் ஒருவருக்கும் விளங்கவில்லை. 1913இல் ஃபிரிட்ஸ் கிளாட்டே காப்புரிமை பெற்றார். 1926இல் அமெரிக்காவில் வால்டோ சீமன் அதனைக் குழைவுடைய பொருளாக்கும் வழியைக் கண்டபின்னரே அதற்கு வாழ்வு வந்தது. எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின்; அஃது உப்பிலிருந்து கிடைப்பது. எஞ்சிய பகுதி எண்ணெய், எரிவாயு, நிலக்கரி முதலியவற்றிலிருந்து வருவது. உலகில் ஆக்கப்படும் பி.வி.சி.யில் பாதிக்கு மேல் கட்டுமானத் துறைக்கே செல்கிறது. 1930களில் ஜெர்மனியில் புதைக்கப்பட்ட பி.வி.சி. நீர்க்குழாய்கள் பல பத்தாண்டுகள் கடந்தும் பழுதின்றிப் பணி செய்தன.

நெகிழி மீது சாட்டப்படும் குற்றங்களுள் முதலாவது அது மக்காது என்பது. கழிவுநீர்க் குழாய் மண்ணுக்குள் மக்கிப் போவதை விரும்புவார் யார்? இரும்புக் குழாய் துருவேறிச் செந்நீர் வடிந்த காலத்தைத் தோட்டப்புறத்து முதியோர் மறந்திரார். கடையிலிருந்து வீடு வரும் வரை பயன்படும் பை காலமெல்லாம் கிடப்பது கேடுதான். ஐம்பது ஆண்டு உழைக்க வேண்டிய குழாய் ஐம்பது ஆண்டும் கெடாமல் இருப்பதோ அது செய்யவேண்டிய வேலை. சிக்கல் ஐம்பத்தோராம் ஆண்டில் தொடங்குகிறது. வீடு இடிக்கப்படுகிறது; குழாய் வெளியே வருகிறது; அப்பொழுதும் அது வலிவோடுதான் இருக்கிறது. அதனை என் செய்வது? கட்டுரைப் போட்டிகள் கேட்க மறந்த வினா இதுவே. 1970களிலும் 1980களிலும் தீபகற்பம் எங்கும் எழுந்த வீடமைப்புப் பகுதிகளின் குழாய்கள் இப்பொழுதுதான் மண்ணைவிட்டு மேலேறத் தொடங்கியுள்ளன. வரவிருப்பது இதனினும் பெரிது.

‘மறுசுழற்சி செய்க’ என்று இதற்கு ஒரே சொல்லில் விடை கூறும் மறுபக்கத்தாரும் உளர். ‘ஒழிக’ என்பார்க்கு இவர் எவ்வகையிலும் சளைத்தவர் அல்லர். பொருளின் அடியில் மூன்று அம்புகள் வளைந்து முக்கோணமாய் நிற்கும். நடுவே ஓர் எண் இருக்கும். அதனைக் கண்டதும், மறுபடியும் பொருளாகிவிடும் என்று மனம் நிறைவடைகிறது. 1988இல் அமெரிக்க நெகிழித் தொழிலமைப்பு அறிமுகப்படுத்திய அந்த எண் இன்ன வகை நெகிழி என்று கூறுவதே தவிர, அதனை மீண்டும் பயன்படுத்த யாரேனும் காத்திருக்கின்றனர் என்று உறுதி தருவதன்று. பி.வி.சி.க்கு உரிய எண் 3. குடிநீர்ப் போத்தலுக்கு உரியது 1. இவ்விரண்டும் ஒரே சாக்கில் கலந்தால் விளைவது யாது என்பதைப் பள்ளிகளில் மறுசுழற்சி வாரம் நடத்துவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

போத்தல் நெகிழி உருகுவதற்கு ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் தேவை. பி.வி.சி. அவ்வளவு வெப்பம் தாங்காது; அதற்கு முன்பே சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைக் கக்கும். அந்த ஆவி போத்தல் நெகிழியின் வலிவைக் குலைத்து நிறத்தை மஞ்சளாக்கும். கருகிய துகள்கள் புள்ளிபுள்ளியாய் நிற்கும். பொறியின் இரும்பும் அரிபடும். ஆயிரம் கிலோ போத்தலில் நூறு கிராம் பி.வி.சி. புகுந்தாலே போதும். நல்ல எண்ணத்தோடு மாணவர் கொண்டுவந்து கொட்டிய உடைந்த குழாய்த்துண்டும் மழைச்சட்டையும் மற்ற மாணவர் சேர்த்த போத்தல்களையும் பாழாக்கிவிடும். நீரில் இட்டுப் பிரிக்கலாமே எனின், அதுவும் இயலாது. பால் போத்தலின் பாலித்தீன் மிதக்கும். குடிநீர்ப் போத்தலும் பி.வி.சி.யும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி உடையனவாதலின் இரண்டும் அமிழும். ஆலைகளில் குளோரினைக் கண்டறியும் ஊடுகதிர்க் கருவி கொண்டே பிரிக்கின்றனர். மலேசியாவின் சில மாநிலங்களிலும் கூட்டரசுப் பிரதேசங்களிலும் 2015 செப்டம்பர் முதல் நாள் தொட்டு வீட்டுக் குப்பையைப் பிரித்து வைத்தல் கட்டாயமாயிற்று. அங்கும் ‘நெகிழி’ என்பது ஒரே பிரிவு. கட்டுரை நோட்டில் நிகழ்ந்த பிழை குப்பைத் தொட்டி வரை தொடர்ந்து வந்துவிட்டது.

தனியே பிரித்தெடுத்த பி.வி.சி. நல்ல பண்புடையது. உடைத்து, கழுவி, அரைத்து, 200 பாகைக்கு மிகாத வெப்பத்தில் இளக்கினால் மீண்டும் குழாயாகும்; பன்முறை அங்ஙனம் ஆக்கலாம். ஐரோப்பாவில் இத்தொழிலார் 2000ஆம் ஆண்டு தொடங்கிய கூட்டுமுயற்சி, வினைல்பிளஸ் என்னும் பெயரில் தொடர்கிறது. 2021இல் 8 இலட்சத்து 10 ஆயிரம் டன்னுக்கு மேல் மறுசுழற்சி செய்ததாக அது கணக்குக் காட்டியது. பெரிய எண்தான். ஆனால் அதில் கணிசமான பங்கு ஆலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வெட்டி மிஞ்சிய துண்டுகள் என்பதையும் சேர்த்தே படித்தல் வேண்டும். சமையலில் மிஞ்சிய மாவைத் திரும்பப் பிசைவதும், உண்டு முடித்த இலையிலிருந்து மீட்பதும் ஒன்றாகா.

பழைய பொருளை மீட்பதிலுள்ள உண்மையான இடர்ப்பாடு வேறொன்று. இதனைக் கூறாமல் மறுசுழற்சியைப் புகழ்வது வாசகரை ஏமாற்றுவதாகும். வெறும் பி.வி.சி. ஒரு வெண்பொடி, தனித்து எதற்கும் உதவாது. வெப்பத்தில் சிதையாதிருக்க நிலைப்படுத்திகளையும், வளைந்து கொடுக்க மென்மையூட்டிகளையும் சேர்த்தாக வேண்டும். பல பத்தாண்டுகள் குழாய்க்கும் சன்னற்சட்டத்துக்கும் கம்பியுறைக்கும் நிலைப்படுத்தியாய் இருந்தவை ஈயச் சேர்மங்கள். சிலவற்றில் கேட்மியமும் இருந்தது. மென்மையூட்டிகளுள் மிகுதியாகப் பயன்பட்டது டி.இ.எச்.பி. என்னும் தாலேட்டு, இனப்பெருக்க ஆற்றலைக் கெடுக்கும் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் அதனைப் பட்டியலிட்டது. குழாய் நீண்ட நாள் வாழ்கிறது என்றால் அதனுள் இட்ட ஈயமும் நீண்ட நாள் வாழ்கிறது என்பதே பொருள். பாட்டன் காலத்துக் குழாயை அரைத்துப் பேரனுக்குப் பொம்மை வார்ப்பவன், பாட்டன் காலத்து ஈயத்தையும் சேர்த்தே அவன் கையில் கொடுக்கிறான்.

இத்தாலியின் ஃபெராரா நகரில் 2002இல் ஓர் ஆலை எழுந்தது. பி.வி.சி.யைக் கரைப்பானில் கரைத்து, துணியையும் அழுக்கையும் நீக்கி, தூய பொருளாக மீட்கும் வினைலூப் என்னும் முறை அங்கே நடைபெற்றது. அறிவுடையோர் வியந்த முயற்சி அது. ஆயினும் பழைய பொருளில் ஊறியிருந்த தாலேட்டுகளைக் கட்டுப்படியாகும் செலவில் பிரிக்க அதனால் இயலவில்லை. சட்டம் இறுகியது, 2018இல் ஆலை மூடப்பட்டது. ‘எதையும் மறுசுழற்சி செய்யலாம்’ என்று மேடையில் முழங்குவோர் ஃபெராராவின் பெயரை ஒருமுறை உச்சரித்துப் பார்ப்பது நலம்.

ஈயத்தைப் பற்றி ஐரோப்பாவில் நடந்த வாதம் இன்னும் கூர்மையானது. அங்குள்ள உற்பத்தியாளர் 2015 இறுதிக்குள் புதிய பி.வி.சி.யில் ஈயம் சேர்ப்பதைத் தாமே விட்டொழித்தனர். பழைய குழாயில் உள்ள ஈயத்துக்கு என்ன விதி? மறுசுழற்சிப் பொருளுக்கு விலக்கு அளிக்க முன்வந்த வரைவினை 2020 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் எதிர்த்து வாக்களித்தது. நஞ்சை நஞ்சென்று அறிந்தும் மறுபடி வீட்டுக்குள் விடுவதா என்பது எதிர்த்தோர் கேள்வி. விலக்கு இல்லையெனில் அத்தனையும் குழியிலும் தீயிலும் அல்லவா போகும் என்பது ஆதரித்தோர் கேள்வி. இரண்டும் நேர்மையான கேள்விகளே. 2023 மே மாதம் நிறைவேறிய விதி இடைவழி கண்டது: பி.வி.சி.யில் ஈயம் 0.1 விழுக்காட்டை எட்டலாகாது. ஆனால் மீட்கப்பட்ட கடின பி.வி.சி.யில் 1.5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருப்பின், குறிப்பிட்ட சில கட்டுமானப் பொருள்களுக்கு மட்டும் 2033 வரை விலக்கு உண்டு. குழாயாயின் அது குடிநீருக்கு உரியதாக இருத்தல் கூடாது. பழைய பொருள் நடுப்படலமாக நிற்க, புதிய பொருள் அதனை முற்றும் போர்த்தியிருத்தல் வேண்டும். நெடுநாள் வாழும் பொருளை மீண்டும் நெடுநாள் வாழும் பொருளுக்குள்ளேயே அடைத்துவைப்பது என்பதுதான் இவ்விதியின் உட்கருத்து. இவ்வகை மறுசுழற்சியே பி.வி.சி.க்குத் தக்கது. செருப்பு, பொம்மை, உணவுக் கலம் என்று திசைதோறும் சிதறவிடுவது மறுசுழற்சி என்னும் பெயருக்கு உரியதன்று.

மலேசிய நாட்டுக்கு இது தொலைதூரத்துச் சட்டவாதம் அன்று. 2018 சனவரியில் சீனா அயல்நாட்டு நெகிழிக் கழிவுக்குக் கதவடைத்தபோது, அக்கழிவு திரும்பிய திசை இந்நாடுதான். அவ்வாண்டின் முதல் ஏழு மாதங்களில் மட்டும் ஏழரை இலட்சம் டன் அளவுக்கு வந்திறங்கியது. சிலாங்கூரில் கோல லங்காட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு இடையே, உரிமம் அற்ற கொட்டகைகள் முளைத்தன. விற்கத் தக்கதைப் பொறுக்கிக்கொண்டு எஞ்சியதை இரவில் எரித்தனர். செஞ்சாரோம் மக்கள் மூச்சுத் திணறி, தாமே ஒன்றுகூடிப் புகைக்குச் சான்று திரட்டி அரசிடம் முறையிட்டனர். அக்கொட்டகைக்காரரும் தம் தொழிலை மறுசுழற்சி என்றே அழைத்தனர். குளோரின் உள்ள பி.வி.சி. திறந்த தீயில் எரியுங்கால் அமில ஆவியோடு டயாக்சின் என்னும் கொடிய நஞ்சும் தோன்றும் என்பது நூல்களில் மட்டும் உள்ள செய்தியாக அப்பகுதியாருக்குத் தெரியவில்லை.

2019இல் பாசல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, 2021 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தூய்மையாகப் பிரிக்கப்பட்டு மறுசுழற்சிக்கு உரியதாய் இருப்பின் தடையின்றிக் கடல் கடக்கலாம் என்று சில நெகிழிகளுக்கு அது வழிவிட்டது. அப்பட்டியலில் பாலித்தீன் உண்டு, போத்தல் நெகிழி உண்டு, பி.வி.சி. இல்லை. அதனை அனுப்புமுன் பெறும் நாட்டின் முன்னிசைவு வேண்டும். உலக நாடுகள் கூடி, நெகிழி ஒன்றன்று என்று எழுதிக் கையொப்பம் இட்டுவிட்டன. பள்ளிக் கட்டுரை மட்டும் இன்னும் கையொப்பம் இடவில்லை.

இங்கே ஒரு வலிய மறுப்பு எழும். இவ்வளவு தொல்லை உடைய பொருளை ஏன் ஆக்க வேண்டும்? அடியோடு நிறுத்திவிடலாமே? இவ்வாறு கேட்பாரை எளிதில் தள்ளிவிட முடியாது. 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பி.வி.சி. ஆலைத் தொழிலாளரிடையே அரிதான கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. வினைல் குளோரைடு வாயுவே அதற்குக் காரணம் என்று தெளிவாயிற்று. 2023 பிப்ரவரியில் ஒகாயோ மாநிலத்து ஈஸ்ட் பாலஸ்தீன் ஊரில் தடம்புரண்ட தொடர்வண்டியில் இருந்ததும் அதே வாயுதான். ஐந்து கொள்கலன்களை வேண்டுமென்றே திறந்து எரித்தனர். ஊரார் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆக்கும் இடத்தில் பி.வி.சி. மிகக் கொடியது, ஆக்கி முடித்துச் சுவருக்குள் பதித்தபின் பெரிதும் அடங்கிக் கிடப்பது. ஆதலின் பி.வி.சி.யை வெறுப்பவர்தாம் அதன் மறுசுழற்சியை மற்றவரினும் உரத்து வலியுறுத்தல் வேண்டும். பூமிக்குள் இருக்கும் குழாய் ஒருமுறை செய்யப்பட்டாயிற்று. தொழிலாளி செலுத்த வேண்டிய விலையைச் செலுத்தியாயிற்று. அதனை மீட்டு மீண்டும் குழாயாக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் அந்த வாயு அவ்வளவு குறைவாகத் தேவைப்படும். ஒழிக்க வேண்டும் என்ற ஆவேசத்தில் பழைய குழாயைத் தீயிலிட்டுப் புதிய குழாய் வாங்குபவர் யாருக்கு நன்மை செய்கிறார்?

சிங்கப்பூரில் நிலை சற்று வேறு. அங்கே கழிவு திறந்த வெளியில் எரிவதில்லை. முறையான எரியாலைகளில் எரிந்து சாம்பலாகிப் புலாவ் செமக்காவ் தீவுக்குச் செல்கிறது. பி.வி.சி. எரியும்போது வெளிப்படும் அமிலத்தைச் சுண்ணம் முதலிய காரப் பொருள் கொண்டு முறித்தாக வேண்டும். அதனால் கழிவு மறைவதில்லை. கழிவை முறித்த கழிவு புதிதாய்ச் சேர்கிறது. 2035 வாக்கில் அந்தத் தீவு நிறைந்துவிடும் என்பது அந்நாட்டு அரசின் கணிப்பு. 2023இல் அங்கே மறுசுழற்சியான நெகிழி 5 விழுக்காடு மட்டுமே. தூய்மைக்குப் பெயர்பெற்ற நகரிலேயே கணக்கு இதுவென்றால் மற்ற ஊர்களைப் பற்றிப் பேசவும் வேண்டுமோ?

நன்றாக நடக்கும் இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர மருத்துவமனைகளில் 2009 முதல் உப்புநீர்ப் பைகளையும் உயிர்வளி முகமூடிகளையும் தாதியர் தனித்தொட்டியில் இட்டுச் சேர்த்தனர். அவை தோட்டத்து நீர்க்குழாயாகவும் விரிப்பாகவும் மாறின. அத்திட்டம் வெற்றி பெற்றமைக்குக் காரணம் பெரும்பொறி எதுவும் அன்று. எது பி.வி.சி., எது அன்று என்று தாதியருக்குக் கற்பித்ததுதான். மருத்துவப் பைகளிலும் மென்மையூட்டி உண்டு. ஆதலின் அவ்விரிப்பு யார் கால்படும் இடத்தில் விரிக்கப்படுகிறது என்று கேட்பதும் முறையே. தேர்தலுக்கும் தைப்பூசத்துக்கும் தொங்கவிட்ட பதாகைகளைத் தைத்துப் பைகளாக்கும் பணியும் பள்ளிகளிலும் இயக்கங்களிலும் நடைபெறுகிறது. கைவேலை என்ற அளவில் பாராட்டலாம். ஆனால் ஒருநாள் விழாவுக்கு நூறாண்டு வாழும் பொருளில் பதாகை அடித்த தவற்றை அந்தப் பை சில ஆண்டுகள் மறைத்துவைக்கிறது, அவ்வளவே. துணியில் எழுதித் தொங்கவிட்ட காலமும் இந்நாட்டில் இருந்ததே!

ஆசிரியர்கள் செய்யத் தக்கது அடுத்த ஆண்டுத் தலைப்பை மாற்றுவது. ‘நெகிழியை ஒழிப்போம்’ என்பதை நீக்கிவிட்டு, ‘இடிக்கப்படும் வீட்டின் குழாய் எங்கே செல்கிறது?’ என்று கரும்பலகையில் எழுதட்டும். மாணவன் முதலில் திகைப்பான். பிறகு தந்தையைக் கேட்பான். பழைய இரும்புக் கடைக்காரரைக் கேட்பான். நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதவும் கூடும். இரும்பையும் செம்பையும் எடைபோட்டு வாங்குபவர், குழாய்த்துண்டைக் கண்டால் ஏன் கைவிரிக்கிறார் என்று அறிந்துவருவான். அவன் எழுதும் கட்டுரையில் உவமை குறைந்திருக்கலாம், சந்தி பிழைத்திருக்கலாம்.

அரசையும் உற்பத்தியாளரையும் நோக்கிக் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. இவ்வாண்டு புதைக்கப்படும் குழாயின் மேல் ஆலையின் பெயர், விட்டம், தரக் குறியீடு எனச் சில செய்திகள் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே சேர்த்த நிலைப்படுத்தி எதுவென்று மட்டும் அச்சிடுவதில்லை. கால்சியமும் துத்தநாகமும் சேர்த்ததா, ஈயம் சேர்த்ததா என்பதை ஒரு சொல்லில் குறித்தால், அரை நூற்றாண்டு கழித்து அதனைத் தோண்டி எடுப்பவர் ஆய்வுக்கூடம் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லை அச்சிட ஆகும் மைக்கு என்ன விலை என்று தொழிலார் கூறட்டும்.